கம்போங் மேடானில் மட்டும் சூடாகிற கார்

கண்ணுங்களா, போன வாரம் பத்துமலைக்குப் புறப்பட்ட அன்று நீங்கள் இருவரும் காரில் என்னோடு சண்டைக்கு வந்தீர்கள். கைப்பேசியில் வழி சொல்கிற பெண் நேராகப் போ, நேராகப் போ என்று தொண்டை வற்றச் சொல்கிறாள். நான் வழக்கம்போல நெடுஞ்சாலையை விட்டுப் பெட்டாலிங் ஜெயா பக்கம் திரும்பிவிட்டேன். "ஸ்ட்ரேய்ட்டுன்னுதானலா சொல்லுது, காது கேக்கலையாப்பா?" என்று சின்னவன் கேட்டான். "அதெல்லாம் கேக்கும். கம்போங் மேடான்ல தண்ணி குடிக்காம அப்பா வண்டி ஓடாது" என்றாள் பெரியவள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். ஆனால் அது நிஜம். எங்கே போனாலும் பெரிய தாத்தா வீட்டில் இறங்கி ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதுதான் நம் வீட்டுப் பழக்கம். ஏன் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அதனால் நானே எழுதி வைக்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோனவன் எழுத்து இது. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. கிள்ளானில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்குகிற போர்க்லிப்ட் ஓட்டினார். பள்ளி லீவு விட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் பினாங்கு, கேமரன் மலை என்று போவார்கள். நாங்கள் எந்த லீவுக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்குத்தான் போவோம். திரும்பி வரும்போது பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. எங்களுக்கு உலகம் அவ்வளவுதான், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. காலையில் அம்மா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். அப்பா காரை மெல்ல முன்னே எடுப்பார். பழம் நன்றாக நசுங்கியதா என்று குனிந்து பார்ப்பது என் வேலை. தங்கச்சிக்குக் கார் ஏறினாலே வாந்தி வரும். அவள் மடியில் பிளாஸ்டிக் பையோடு அம்மனைப்போல அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு ஒரு பெரியப்பா, அதாவது உங்கள் பெரிய தாத்தா, இருக்கிறார் என்பது மட்டும் அப்போது தெரியும். எங்கே இருக்கிறார், எப்படி இருப்பார் என்பதெல்லாம் தெரியாது. அம்மா போனில் பேசும்போது காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன். அப்பாவை வளர்த்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, வேலையில் சேர்த்துவிட்டவர் பெரியப்பாதான். நாங்கள் கிள்ளானில் புதுவீடு புகுந்தபோது அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஓயாத வேலை. எல்லாருக்கும் அனுப்பியதைப்போலவே அண்ணனுக்கும் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டார். நம்மவர்களில் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பத்திரிகை வைப்பதென்றால் புருஷன் பெண்சாதி இருவரும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போக வேண்டும். பெரியப்பா வரவில்லை. "எனக்குப் பத்திரிகை வெச்சவன் தபால்காரன். அவன் வீட்டு விசேஷம்னா சொல்லுங்க, மொத ஆளா வரேன்" என்று யாரிடமோ சொல்லி அனுப்பினாராம். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் வாடா என்று கூப்பிடாமல் எப்படிப் போவது என்று அப்பா இருந்தார். தம்பி வாசலுக்கு வராமல் எப்படிக் கூப்பிடுவது என்று பெரியப்பா இருந்தார்.

எங்கள் காருக்கு ஒரு வியாதி இருந்தது. ஷா ஆலாமைத் தாண்டும், சுபாங்கைத் தாண்டும், எல்லாம் சரியாக ஓடும். பெட்டாலிங் ஜெயா நெருங்கியதும் அப்பா, "முன்னால ஜாம் மாதிரி தெரியுது" என்று நெடுஞ்சாலையை விட்டு இறங்குவார். எனக்கு எந்த ஜாமும் தெரியாது. உயரமானவர்களுக்குத் தெரியும்போல என்று நினைத்துக்கொள்வேன். கம்போங் மேடான் வந்து, அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஒரு சாக்கடைப் பாலத்தைத் தாண்டியதும், "சூடு ஏறிடுச்சு" என்று அப்பா நிறுத்திவிடுவார். போனட்டைத் திறந்து வைத்துவிட்டு அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்.

"மழ வருமாப்பா?" என்று கேட்பேன்.

"இல்ல. எல்லாம் நல்லாதான் இருக்கு" என்பார். பிறகு பின்னால் வைத்திருக்கும் போத்தலிலிருந்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவார். கிளம்பிவிடுவோம்.

"கரெக்டா இங்க வந்துதான் இதுக்குக் கோவம் வரும்" என்று அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்வார். காரைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த லீவிலும் அப்படித்தான் நின்றோம். அப்பா போனட்டைத் திறந்தார். அண்ணாந்து பார்த்தார். நான் மழையைப் பற்றிக் கேட்டேன். அவர் அண்ணாந்தபடியே நின்றார். வெயிலில் கண் கூசுகிற வானத்தை அவ்வளவு நேரம் ஒருவர் பார்ப்பாரா என்று எனக்கே ஆச்சரியம். பிறகு போத்தலை எடுத்து, அதில் இருந்த தண்ணீரையெல்லாம் டயருக்கு அடியில் ஊற்றினார். பழைய தண்ணீராக இருக்கும்.

காலிப் போத்தலை என் கையில் கொடுத்தார். "மூணாவது மாடி. படி ஏறுன ஒடனே மொத வீடு, பச்சக் கதவு. காருக்குத் தண்ணி வேணும்னு கேளு."

"என்னங்க…" என்றார் அம்மா.

"தண்ணிதான கேக்கச் சொல்றேன். தண்ணி கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க." பிறகு என்னிடம், "வேற ஒண்ணும் பேசாத. வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு மட்டும் பாத்துட்டு வா" என்றார்.

கதவு பச்சைதான் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஜாமையே முன்கூட்டிப் பார்க்கிறவருக்குக் கதவு எம்மாத்திரம்.

பச்சைக் கதவு திறந்துதான் இருந்தது. இரும்புக் கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டிவரை மாவுக்கட்டு போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். வேறு யாரும் இல்லை.

"அங்கிள், காருக்குத் தண்ணி வேணும்."

"எந்தக் காருக்கு?"

"வெள்ளக் காரு. கீழ நிக்குது. சூடாயிருச்சு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "போன லீவுக்கும் இங்கதானடா சூடாச்சு?"

"ஆமா அங்கிள். அதுக்கு முந்துன லீவுக்கும். எங்க காருக்கு இந்த எடம் ராசி இல்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "மேல போன்னு யாரு சொன்னா? அம்மாவா?"

"அப்பா. தண்ணி மட்டும் கேளு, வேற ஒண்ணும் பேசாதன்னாரு."

"வேற ஒண்ணும் பேசாதன்னானா. சரிதான், அவனேதான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அங்கிள் இல்லடா. பெரியப்பான்னு கூப்புடு."

பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கூட மாமான்னு கூப்பிடு என்பார். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி பெரியப்பா. கால்ல என்ன?"

"மோட்டார் சைக்கிள்ல போய் உழுந்துட்டேன். மொதல்ல தண்ணிய புடி." குழாயைக் காட்டினார். நான் போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்பினால், அவர் எழுந்து நின்று ஒரு துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க பெரியப்பா?"

"கீழதான். சூடான ரேடியேட்டர் மூடிய வெறுங்கையால தொறந்தா தோல் உரிஞ்சிரும்டா. அதெல்லாம் உங்கப்பனுக்கு எங்க தெரியும்."

லிப்ட் இல்லாத வீடு அது. ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலைத் தூக்கியபடி ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கினார். ஒரு படிக்கட்டு முடியும் இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்கப்பா இன்னும் காரத்துக்கு விக்கல் எடுப்பானா?" என்று கேட்டார். எடுப்பார் என்றேன். எங்கள் காரைப் பார்த்தே இதையெல்லாம் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கீழே வந்தபோது அப்பா எங்களைப் பார்த்தார். முதலில் முகத்தை, பிறகு காலை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல ரேடியேட்டர் பக்கம் குனிந்தார்.

"டேய், தொடாத, கை வெந்துரும். இந்தா துண்டு" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

அதற்குள் அப்பா மூடியைத் திறந்துவிட்டார். வெறுங்கையால். ஆவி வரவில்லை, ஒன்றும் பொங்கவில்லை, அப்பா கையையும் உதறவில்லை. பெரியப்பா என் தோளை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் விளிம்புவரை நிறைந்து அப்படியே குளிர்ச்சியாக நின்றது.

அம்மா காருக்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ம்ம்" என்றார் பெரியப்பா. "ரொம்பத்தான் கொதிச்சிருக்கு." ஈரத்துண்டை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி.

"எப்பண்ணே உழுந்த?" என்றார் அப்பா.

"அது ஆச்சு கொஞ்ச நாளு."

"சொல்லி அனுப்பக் கூடாதா?"

"தபால்ல போடலாம்னு இருந்தேன்."

அப்பா சிரித்ததா அழுததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் தொண்டையைக் கனைப்பார். பிறகு அவர் திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினார். பெரியப்பா, "ஏய், நான் கனம்டா" என்றார். "போர்க்லிப்ட் ஓட்றவன்கிட்ட கனத்தப் பத்திப் பேசாத" என்றார் அப்பா. வா என்று ஒருவர் கூப்பிடவும் இல்லை, வரலாமா என்று மற்றவர் கேட்கவும் இல்லை. அப்பா பெரியப்பாவை முதுகில் சுமந்துகொண்டு படியேறினார். சுமந்துகொண்டு போகிறவர் வாசலோடு நிற்க முடியாது அல்லவா? நேரே பச்சைக் கதவுக்குள் போய்த்தான் இறக்கி வைத்தார். பின்னால் அம்மா புளிச்சோற்று டப்பாவோடும் தங்கச்சி பிளாஸ்டிக் பையோடும் ஏறினார்கள். எல்லாரும் ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் குடித்தோம்.

அன்று நாங்கள் பத்துமலைக்குப் போகவில்லை. வேலை முடிந்து பெரியம்மா வந்ததும் மீன் குழம்பு வைத்தார். அப்பாவுக்கு விக்கல் வந்தது. பத்துமலைக் குரங்குக்கு என்று வாங்கிய வாழைப்பழத்தை நானும் தங்கச்சியும் தின்று தீர்த்தோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் லீவு முடிந்து பள்ளிக்குப் போனதும், எங்கள் அப்பா கையில் சூடு ஏறாது, கொதிக்கிற ரேடியேட்டரை வெறுங்கையால் திறப்பார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கார் ஒருமுறைகூடச் சூடாகவில்லை. சூடாகாமலே நாங்கள் கம்போங் மேடானில் நின்றோம்.

நான் வளர்ந்து, கல்யாணமாகி, சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினேன். கண்ணுங்களா, உங்களில் ஒருவர் அப்போது கைக்குழந்தை, மற்றவர் பிறக்கவே இல்லை. ஒருநாள் பழைய கிள்ளான் சாலையில் அது உண்மையாகவே சூடாகி நின்றது. நான் என் அப்பாவின் மகன் அல்லவா, வெறுங்கையால் மூடியைத் தொட்டேன். உள்ளங்கை வெந்துபோனது. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரர் ஓடிவந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரை என் கையில் வைத்து அழுத்தினார். வலியில் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பும் வந்தது. "அண்ணே, ஓக்கேவா?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். அத்தனை லீவிலும் எங்கள் கார் சூடாகவே இல்லை என்பது அங்கே, அந்த ரோட்டோரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கார் பட்டறையிலிருந்து வந்த மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, அப்பா நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்தி, போனட்டைத் திறந்து வைத்தேன். அப்பா நின்றதுபோல நின்று அண்ணாந்து பார்த்தேன்.

அங்கிருந்து வானம் அவ்வளவாகத் தெரியவில்லை. மூன்றாவது மாடியில் துணி காயப்போடுகிற கம்பிதான் நேராகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் அதில் பெரியப்பாவின் நீல வேலைச் சட்டைகள் தொங்கியிருக்கும். சட்டை தொங்கினால் அண்ணன் வேலைக்குப் போகிறார், நன்றாக இருக்கிறார். அந்த லீவில் சட்டை இல்லை. மழை வருமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பெரியப்பா வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார். கம்பியில் ஒரு கட்டம்போட்ட கைலி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லாதான் இருந்தது. நான் போனட்டை மூடினேன். பின்னால் இருந்த போத்தலை எடுத்து, அதில் இருந்த தண்ணீரையெல்லாம் டயருக்கு அடியில் ஊற்றினேன். காலிப் போத்தலோடு மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.