முள் சொல்வதும் தீர்த்தம்மாள் சொல்வதும்

நல்லம்பள்ளி குப்புராஜ் கோபம் வந்தால் காரைத் துடைக்கிற ஆள். எண்பத்தாறாம் வருஷம் கோடைக்கு முன்னால் அந்தக் கார் என்றுமில்லாத அளவுக்குப் பளபளத்தது. எல்லாம் ஒரு மீட்டரால் வந்த வினை.

இரண்டு கதவு வைத்த சிவப்புச் சீமைக் கார் அது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் சொந்த நாட்டுக்குக் கிளம்பியபோது, நெல் மில் ஓட்டிக்கொண்டிருந்த குப்புராஜ் அதை வாங்கினார். மூட்டை ஏற்ற முடியாத வண்டி இவருக்கு எதற்கு என்று ஊரே சிரித்தது. பிறகு மில் போனது, மாந்தோப்பு வந்தது, பிள்ளைகள் வேலைக்கு ஓசூர் போனார்கள். கார் மட்டும் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால்தான் அவருக்கு உடம்பில் உயிர் இருப்பதே தெரியும்.

போனது காதுதான். மில் இரைச்சல் ஒரு காதை வாங்கிக்கொண்டது. போன வருஷம் வந்த காய்ச்சல் இன்னொன்றிலும் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். வாயைப் பார்க்க முடியாதபோது கைவசம் ஒரு பதில் வைத்திருந்தார்: "அப்படியே இருக்கட்டும்." யார் என்ன கேட்டாலும் முக்கால்வாசி நேரம் அது பொருந்தித் தொலைத்தது. ஆனால் இஞ்சினுக்கு வாய் கிடையாதே. சத்தத்தைக் கேட்டுத்தான் எவனும் கியர் மாற்றுவான். குப்புராஜ், இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தார். முள் இருபத்தைந்துக்கு, அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு, வந்தால் அடுத்த கியர். வேகம் காட்டும் மீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டதால், இந்த ஒரு முள்தான் அவருக்குக் காது. பொங்கல் கழிந்த மறுவாரம் அதுவும் விழுந்து படுத்துக்கொண்டது.

இதை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் கார் போய்விடும். ஏற்கெனவே ஒரு தடவை தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்து, கடைசியில் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனான். ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்று குப்புராஜ் சமாளித்தார். அன்றைக்கு அவர் மனைவி தீர்த்தம்மாள், தன் தம்பி வெங்கடாசலத்தை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, காது போச்சுன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே சாவி எந்தம்பி கையில."

வெங்கடாசலம் அப்போதே காரை வாங்கப் பெங்களூரில் ஆள் பார்த்து வைத்திருந்தான். படுத்துவிட்ட மீட்டருக்குப் பதில் வேறொன்றைப் பெங்களூர் பழைய சாமான் கடையில் தேடி வாங்கிவந்தவனும் அவன்தான். வண்டி முழுசாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்ற எண்ணம் அவனுக்கு.

மீட்டர் மாட்டத் தர்மபுரியில் மதலைமுத்துவை விட்டால் ஆள் இல்லை. லாரிக்கும் டிராக்டருக்கும் ஒயரிங் வேலை பார்ப்பவன். கை சுத்தம், வேலை வேகம். ஒரே ஒரு கெட்ட பழக்கம், தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு பேசுவான்.

"வெளிய வந்து பேசுப்பா" என்றார் குப்புராஜ்.

மதலைமுத்து தலையை நீட்டினான். "இந்த மீட்டரு எதுக்குங்ணா? இஞ்சின் சத்தம் கேட்டாலே தெரியாதுங்களா?"

குப்புராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாட்டுன்னா மாட்டுப்பா. இந்த வண்டிக்கு மட்டும் பிளஸ்தான் பாடியில இருக்கும், மைனஸ் இல்ல. மாத்திக் குடுத்துத் தொலைச்சிராத."

"நான் பாக்காத வண்டிங்களா!" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி உள்ளே போனான். ஊரிலுள்ள லாரிக்கெல்லாம் கொடுப்பதுபோலக் கறுப்பு மைனஸ் ஒயரைப் பாடியில் கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் மீட்டரிலிருந்து ஒரு கருகல் வாசனை வந்தது. முள் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

"சொன்னேனா இல்லையா?" என்று குப்புராஜ் கத்தினார். மதலைமுத்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததும் கார் இரண்டு தடவை துடைக்கப்பட்டது.

இரண்டாவது மீட்டர் வர ஒரு மாதம் ஆனது. வெங்கடாசலம் அதைக் கொடுக்கும்போது, "இதுவும் போச்சுன்னா வண்டிய அப்படியே வித்தரலாங்க மாமா" என்று பல்லைக் காட்டினான். இந்தத் தடவை மதலைமுத்து உஷார். வண்டியின் பிளஸ் மைனஸையே மாற்றிவிடுவோம் என்று பேட்டரியைத் திருப்பி வைத்தான். டைனமோவையும் காயிலையும் அதற்கேற்ற மாதிரி சரிசெய்தான். அன்று வெயிலும் அப்படி ஒரு வெயில். குப்புராஜ் புளியமரத்தடிக்கும் காருக்குமாக நடையாய் நடந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்திருந்த மதலைமுத்து கடைசியாக என்னவோ கேட்டான். வெளியே தெரிந்தது அவனுடைய கால் மட்டும். காலைப் பார்த்து என்னத்தைப் புரிந்துகொள்வது?

"அப்படியே இருக்கட்டும்" என்றார் குப்புராஜ்.

சாவியைத் திருப்பினார்கள். முள் எழுந்தது, ஆடியது. குப்புராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தொப்பூரைத் தாண்டிச் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. தீர்த்தம்மாளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முதல் கியரில் முள் இருபத்தைந்துக்கு வர அழுதது. பழைய மீட்டரில் சட்டென்று வரும். புதுசு அல்லவா, இறுக்கமாக இருக்கும் என்று அழுத்தினார். இரண்டாவது கியரிலேயே நல்லம்பள்ளிக் கடைத்தெரு முழுவதும் போய்விட்டது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிள்காரன் ஒருவன் ஓரமாக இறங்கி நின்றுகொண்டான். இருபத்தைந்து வருஷமாகியும் நம் வண்டிக்கு இருக்கிற மவுசைப் பார் என்று குப்புராஜ் எல்லாருக்கும் கை தூக்கிக் காட்டினார். சீட் கிடுகிடுவென்று அதிர்ந்தது. ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டார்.

தீர்த்தம்மாள் முள்ளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது நல்லதற்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

தொப்பூர் இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. சாப்பாட்டுக் கடை ஒன்றின் ஓரமாக நிறுத்தினார். லாரி டிரைவர்கள் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "என்னாங்க இது, வண்டி நெல்லு மில்லாட்டம் கத்துது, செகண்டு கியருலயேவா வர்றீங்க?" என்றார். வாயசைவு தெளிவாகவே தெரிந்தது. குப்புராஜ் தெரியாதவர்போலத் தண்ணீர் எடுக்கப் போனார்.

திரும்பி வந்து குனிந்து பானெட்டைத் திறக்கையில் தீர்த்தம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். புகைக்கு மூக்கை மூடுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். முந்தானை அசைந்தது. ஏதோ கேட்கிறாள்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அவள் முந்தானையை இறக்கினாள். "என்ன கேட்டன்னு தெரியுமா? வண்டிய எந்தம்பிகிட்டக் குடுத்தரலாமான்னு கேட்டன். அப்படியே இருக்கட்டுங்கறீங்க."

குப்புராஜுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை முட்டியது. கடைசியில் எப்போதும் வருகிற கோபமே வந்தது. சாவியைப் பிடுங்கி நீட்டினார்.

"எடுத்துக்கோ. கொண்டுபோய்க் குடு அவங்கிட்ட. நான் பஸ்ஸுல வர்றேன்."

"ஒரு வருசமா எனக்குத் தெரியுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தன், சொல்லல. தம்பி முன்னால அப்படிச் சொன்னாலாவது வாய் தொறப்பீங்கன்னு நெனச்சன். அதுக்கும் மசியல." அவள் சாவியைத் தொடவே இல்லை. "அவங்கிட்டக் குடுத்தா வித்துப்புடுவான். அப்பறம் நான் எதுல போறது? டவுன் பஸ்ஸுல கூடைக்காரிங்களோட நிக்கவா? எனக்குந்தான் காது இருக்குது. தட்டுனா கியரு. கிள்ளுனா பின்னால லாரி. ஏறுங்க, காதுகுத்துக்கு நேரமாச்சு."

அந்த இறக்கம் முழுவதும் குப்புராஜ் மனைவி கைபட்டே ஓட்டினார். மூன்று இடத்தில் கிள்ளினாள், வலிக்கிற மாதிரியே கிள்ளினாள். ஒதுங்கி வழிவிட்டார். வாழ்க்கையில் இதுவரை அவள் கையில் சிக்காமல் இருந்தது இந்த ஸ்டியரிங் ஒன்றுதான், இனி அதுவும் போயிற்று என்று வழிநெடுக முணுமுணுத்தார்.

மறுநாள் தர்மபுரியில் மதலைமுத்து மீட்டரைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினான். நாலு, ஆறு, எட்டு என்று எழுதிய ஒரு சின்ன சுவிட்ச். எட்டு பிஸ்டன் வண்டிக்கு உள்ள இடத்தில் அது நின்றது. குப்புராஜின் வண்டிக்கு நாலுதான். அதனால் முள் பாதியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஐயாயிரத்தில் அலறியிருக்கிறது, இவர் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று ஓட்டியிருக்கிறார்.

"இதென்ன சுவிச்சு, எட்டுல இருக்குதே, மாத்தட்டுங்களான்னு கேட்டனுங்ணா. நீங்கதான் அப்படியே இருக்கட்டும்னீங்க."

யாரைத் திட்டுவது? குப்புராஜ் அக்கம்பக்கம் பார்த்தார். தீர்த்தம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காது கேக்காதுப்பா" என்றார். வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. "இனிமே மொகத்தப் பாத்துப் பேசு."

திரும்பும்போது மீட்டர் யோக்கியமாக வேலை செய்தது. முள் சரசரவென்று ஏறியது. குப்புராஜ் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இருபத்தைந்தைத் தொட்டதும் அவள் தட்டுவதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும், நானே ஓட்டுகிறேன் என்று காட்டிவிட வேண்டும். முள் இருபத்தொன்று, இருபத்துமூன்று என்று வந்தது. அதற்குள் தொடையில் தட்டு விழுந்தது.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கறன்!" என்று கத்திக்கொண்டே கியரை மாற்றினார்.

அவள் என்னவோ சொன்னாள். பார்வை ரோட்டில் இருந்ததால் வாயைப் பார்க்க முடியவில்லை.

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உடனே ஒரு கிள்ளு விழுந்தது. பதறிப்போய் ஓரம் ஒதுங்கிக் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் லாரி எதுவும் வரவில்லை.