கப்பலில் இருந்த கணவர்

எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வந்தபோது கு யாச்சினுக்கு முப்பத்தொரு வயது. தையல் இயந்திர உதிரிபாகங்களை நிங்போ துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அதற்கு முன் போன நான்கு இடங்களிலும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது? இன்னும் ஆகவில்லை என்றால், நாளைக்கே பிரசவ விடுப்பு கேட்பாள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் அவள் தயாராக வந்தாள். மணமானவர் என்று படிவத்தில் எழுதினாள். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை, ஆண்டில் பத்து மாதம் கடலில். குழந்தை பிறக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். மேலாளர் பாங் “அடப்பாவமே” என்றார். அன்றே வேலை கொடுத்தார்.

உண்மையில் அவள் வாழ்ந்தது தூ மின் என்ற பெண்ணுடன். தூ மின் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வெளியே கேட்டால் சித்தி மகள். யாச்சினுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், பக்கத்து மேஜைக்காரி என்பதால் நான்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரே கட்டில், இரண்டு தலையணை. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“கு அக்கா, உங்க வீட்டுக்காரர் எந்த ஊருல எவளோட இருக்காரோ!” என்று பையன்கள் சீண்டுவார்கள்.

“எவளோட வேணா இருக்கட்டும்டா, என் துணியையா துவைக்கச் சொல்றார்?” என்பாள்.

கர்ப்பப்பைக்கு நல்லது என்று பெண்கள் வேர்ப் பொட்டலம் கொண்டுவந்தால், அவர்கள் கண்முன்னாலேயே காய்ச்சிக் குடித்துக் காட்டுவாள். கல்யாணமானவள் என்பதால் விருந்துகளில் வாடிக்கையாளர்களுக்கு மது ஊற்ற அவளைப் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. அந்த வேலை என்னைப் போன்றவர்களுக்கு.

ஆறு ஆண்டில் பிரிவுத் தலைவி ஆனாள். அப்போதுதான் அவளுக்குக் கீழே இருந்த சென் லூ கர்ப்பமானாள். இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று வாய்ச்சொல் கொடுத்துச் சேர்ந்தவள். கர்ப்பிணியை நிறுவனம் நீக்கக் கூடாது என்பது சட்டம். அவளாக விலகல் கடிதம் எழுதித் தரவேண்டும்.

“நீ பேசு,” என்றார் பாங் யாச்சினிடம். “உனக்குக் குழந்தை கிடையாது. நீ சொன்னா அவளால எதுத்துப் பேச முடியாது.”

கண்ணாடி அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். என் மேஜை அந்த அறையின் வாசலை ஒட்டி இருந்தது, பேச்சு கேட்டது. பாங் சொல்லிக்கொடுத்ததையே யாச்சின் முதலில் சொன்னாள். சென் லூ அழுதாள்.

“என் இடத்துல நீங்க இருந்தா எழுதிக் கொடுப்பீங்களா அக்கா?”

யாச்சின் மேஜைமேல் இருந்த விலகல் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

“கொடுக்காத. என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடாத. எனக்குப் புருஷனே கிடையாது லூ. எட்டு வருஷமா ஒரு பொண்ணோட வாழறேன். இந்த ஆளுங்க கேள்விக்குப் பயந்துதான் அத்தனை பொய்யும்.”

மறுவாரம் பாங் சென் லூவைத் தானே அழைத்து மிரட்டினார். அவள் கையில் இருந்தது அந்த ஒரே ரகசியம்தான். கொடுத்துவிட்டாள். அவள் வேலை தப்பியது.

பாங் என்னையும் கூப்பிட்டார். “நீ அவ வீட்டுக்குப் போயிருக்கியாமே? புருஷன் போட்டோ ஏதாவது பார்த்தியா?”

“இல்ல சார்,” என்றேன். அவர் நீட்டிய தாளில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த ஆண்டு எனக்கு முப்பது. கல்யாணம் ஆகவில்லை.

யாச்சினை அனுப்பும்போது பாங் கனிவாகவே பேசினார். “நீ யாரோட வாழற, அது உன் இஷ்டம். நாங்க அதுல தலையிட மாட்டோம். ஆனா படிவத்துல பொய் எழுதலாமா?”

சென் லூ பிரசவம் முடிந்து திரும்பியபோது அவளைக் கிடங்கில் பெட்டி எண்ணப் போட்டார்கள். மூன்று மாதத்தில் தானாகவே போனாள்.

போன இலையுதிர் காலத்தில் யாச்சினைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் சூப் கடையில் பார்த்தேன். நான் எழுதிக்கொடுத்தது அவளுக்குத் தெரியும். இருந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தூ மின்னைப் பற்றிக் கேட்டேன்.

“ஷியாமென் நகரத்துக்கே போயிட்டா. வேலை போனதுக்காக இல்ல. ‘பத்து மாசம் பழகின பொண்ணுகிட்ட ஒரே நிமிஷத்துல சொல்லிட்ட. எட்டு வருஷமா உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? புத்தாண்டுக்குப் புத்தாண்டு அந்த வீட்டுல நான் சித்தி மகளாவே உக்காந்து சாப்பிட்டேனே’ன்னா.”

“இப்ப அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?”

“இப்ப சொல்லி?” என்றாள். “யாரைக் காட்டிச் சொல்றது?”

சூப்பில் இருந்த அரிசி மாவு வில்லைகள் ஆறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அவள் அவற்றைக் குச்சியால் பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தாள்.