பக்கத்தில் யார் இருக்கிறார்கள்

அந்த வருடம் சுதந்திர தினமும் ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. ஸ்வீடனிலிருந்து என் தோழி ஆரணிக்கு வந்திருந்தாள். மேற்படிப்புக்காக நான் அந்த நாட்டில் இருந்த காலமெல்லாம் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள். லீவு சேர்ந்தாற்போல் வருகிறது, கூழ் ஊற்றுவதைக் காட்டலாம், சந்தவாசல் வழியாகப் படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கித் தரலாம் என்று நான்தான் நாள் பார்த்து வரச் சொல்லியிருந்தேன்.

அவளுடைய அப்பாவையும் எனக்குத் தெரியும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். நான் முதன்முதலில் அந்த ஊரில் போய் இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கூட்டிப்போக வந்தவர், தன் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். அது என் புருவம்வரை இறங்கியது. அவர் வீட்டுக்குப் போனால் அவித்த உருளைக்கிழங்கும் மீனும்தான். ஆனால் எனக்கென்று ஒரு பாட்டில் மிளகாய்த்தூள் வாங்கி வைத்திருப்பார். நான் அதைத் தூவிச் சாப்பிடுவதைப் பார்த்து, தனக்கே உறைத்துவிட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

அன்று காலையில் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அவள் சுடிதாரில் காகிதக் கொடி ஒன்றைக் குத்திவிட்டார்கள். "வெள்ளக்காரன தொரத்தின நாளுக்கு வெள்ளக்காரிய இட்டாந்துட்டியே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அங்கிருந்து அம்மாவோடு எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனோம். பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மாங்காய் ஊறுகாய், முருங்கைக்கீரை. வேப்பிலை கட்டிய பந்தலுக்குள் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவள் ஒரு டம்ளர் கூழை வாங்கி, மோர் விட்டுக் கரைத்து, பாதி குடித்திருந்தாள். அப்போது போன் வந்தது. பம்பைச் சத்தத்தில் எதுவும் கேட்காமல், ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டாள். அப்பாவை அவர்கள் 'பப்பா' என்பார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது.

திரும்பி வந்தவள் டம்ளரில் மிச்சமிருந்த கூழை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பா இறந்துவிட்டார். ராத்திரி தூக்கத்திலேயே. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்திருக்கிறார். தம்பிக்கே இப்போதுதான் தெரியும்."

நான்தான் முதலில் அழுதேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னிடம் விஷயத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த வயதான அம்மாள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அப்பன் செத்த சேதி கேட்ட பொண்ணு கோயிலாண்ட நிக்கக் கூடாது. ஜல்தியா இட்டுகினு போங்க."

"அதுக்கு இன்னாக்கா தெரியும்? எங்கியோ கீற ஊரு. கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் அம்மா.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? எந்த ஊரா இருந்தா இன்னா, அப்பன் அப்பன்தான். தீட்டு தீட்டுதான்."

 அவளைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தேன். அவள் நின்ற இடத்தில் ஒரு பெண் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதை அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். "அது எதற்கு?" என்று கேட்டாள். வெயில் அதிகம், தரை சுடும், அதற்காகத்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் பின்கட்டுக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

"தலைக்கு ஊத்தணும்னு சொல்லு. சாவு சேதி கேட்டா நம்ம ஊட்ல இப்படித்தான்னு சொல்லு. அதுக்கு வோணாம்னா வுட்டுடலாம்."

நான் சொன்னேன். "உங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே செய்யுங்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றாள்.

துவைக்கும் கல்லின்மேல் உட்காரவைத்து அம்மா தலையில் தண்ணீர் ஊற்றினாள். சுடிதாரில் குத்தியிருந்த காகிதக் கொடியின் சாயம் கரைந்து துணியில் இறங்கியது.  பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது, அடிபட்ட விலங்கின் சத்தம்போல இருந்தது. அம்மா சொம்பைப் போட்டுவிட்டு, அவள் ஈரத்தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அழுதுடும்மா, அழுதுடு கண்ணு." அந்த வார்த்தைகளை நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுப்பில் பாதி வெந்திருந்த பருப்பை அம்மா இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து இட்லி வந்தது. என் அப்பாவும் அம்மாவும் பார்த்தேயிராத ஒரு மனிதருக்காக எங்கள் வீட்டு அடுப்பு அணைந்திருப்பதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். தலையசைத்தாள். சாப்பிடவில்லை.

தறியில் உட்கார மனமில்லாமல் அப்பா கூடத்தில் நாற்காலியைப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எப்ப எடுக்கறாங்கன்னு கேளு."

கேட்டேன். மூன்று நான்கு வாரம் ஆகும் என்றாள். அங்கே அப்படித்தான், அவசரமில்லை, திரும்பிப் போக ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டிலேயே போனால்கூடச் சடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றாள்.

"நாலு வாரமா? அதுவரைக்கும் எங்க வெச்சிகினு இருப்பாங்க?"

"ஆஸ்பத்திரிலப்பா. குளிர் ரூம்ல."

"பக்கத்துல யாரு இருக்கறாங்க?"

அவளிடம் கேட்டேன். "யாரும் இல்லை. எங்கள் ஊரில் அப்படி யாரும் இருப்பதில்லை" என்றாள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எம்பொண்ணுக்குத் தன் குல்லாவ கழட்டிக் குடுத்த மன்சன். தனியாவா கெடக்கறாரு?"

"உன் அப்பா என்ன சொல்கிறார்?" என்று அவள் கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அவள் எழுந்து தறி இருந்த அறைக்குள் போய்ப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது, "நான் போகிறேன். போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்" என்றாள். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் வேண்டாம் என்று வாதாடுவது எனக்குப் புரிந்தது. நடுவிலேயே போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அப்பா ஒரு இடத்தில் நிற்கவில்லை. லீவு நாளில் டிராவல்ஸ் கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. வாடகைக் கார்கள் படவேட்டுக்குப் போய்விட்டிருந்தன. கடைசியில் அரிசி மில்லில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். டிக்கெட்டை நான் போனிலேயே மாற்றினேன்.

ஊருக்குப் போகும்போது கொடுப்பதற்கென்று அம்மா அவளுக்காகப் பூவும் குங்குமமும் ஒரு பட்டுப்புடவையும் எடுத்து வைத்திருந்தாள். சாவுக்குப் போகிற பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது? அம்மா வெறுங்கையோடு வாசலில் நின்றாள். அவளோ, நான் சொல்லிக்கொடுத்திருந்த தமிழில், "போயிட்டு வரேங்க" என்றாள். சாவு வீட்டுக்குப் போகும்போது சொல்லக்கூடாத வார்த்தை அது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளோடு நானும் காரில் ஏறினேன். சென்னைவரை எதிரே வந்த வண்டிகளில் எல்லாம் சின்னச் சின்னக் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. 

சில நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

இப்படி யாரும் வந்து கேட்டதில்லை என்று ஆஸ்பத்திரியில் தயங்கியிருக்கிறார்கள். பிறகு ஒரு சின்ன அறையில் அவரைக் கொண்டுவந்து வைத்து, ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அவர் நெற்றியில் கைவைத்தாளாம். சாயங்காலம்வரை உட்கார நினைத்துப் போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் வந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், இவரைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும் என்றாராம். கதவு சாத்துகிற சத்தம் வெளியே நடைபாதையில் அவளுக்குக் கேட்டதாம்.

"இப்போது அப்பாவை நினைத்தால் அந்த முகம்தான் வருகிறது. வேறு எந்த முகமும் வரமாட்டேன் என்கிறது. தம்பி பார்க்கவில்லை. அவனுக்கு அப்பா இன்னும் தோட்டத்தில் நிற்கிறார்."

"எங்கப்பா கேட்டதால்தானே போனாய்?"

"இல்லை, நானாகத்தான் போனேன்." கொஞ்சம் பொறுத்து, "அவர் கேட்காவிட்டால் போயிருக்க மாட்டேன்" என்றாள். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அது தேவலாம் என்று இருந்திருக்கும்.

போனை வைத்ததும் அப்பா வந்து நின்றார்.

"போய்ச் சேந்துச்சா? பக்கத்துல உக்காந்துச்சா?"

"உக்காந்தாளாம்பா."

"அது போதும்" என்றார். அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நிறையப் பேசினார். தெருவிலும் போய்ச் சொன்னார். வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தாலும் அப்பனைத் தனியாக விடவில்லை, கடல் தாண்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். மீதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

சடங்கு முடிந்து, அவளும் தம்பியும் தங்கள் அப்பாவின் வீட்டையும் விற்றுவிட்டார்கள். எங்கள் பேச்சு குறைந்தது. மறுபடி எப்போது வருவாய் என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன். உன் அம்மாவையும் அப்பாவையும் மறக்க மாட்டேன், ஆனால் அந்த ஊரை நினைத்தாலே அந்த போன் அடிக்கிறது, என்று பதில் எழுதியிருந்தாள்.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா அவளைப் பற்றிக் கேட்கிறார்.

"அந்தப் பொண்ணு எப்பம்மா வருது?"

"லீவு கெடைக்கலியாம்பா" என்கிறேன்.