தடங்கலில்லாத நாலு நிமிடம்

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவுக்கு வாய்தான் பெரிய சொத்து. தண்ணீர்க் குழாய்ச் சண்டையானாலும் முனிசிபாலிட்டி நோட்டீஸானாலும் தெருக்காரர்கள் அவரைத்தான் முன்னால் தள்ளுவார்கள். இந்தி, மராட்டி, மேலப்பாளையம் தமிழ் மூன்றையும் கலந்து பேசி, எதிராளியைச் சிரிக்கவைத்தே காரியத்தை முடித்துவிட்டு வருவார்.

பக்கவாதம் வந்த பிறகு காலும் கையும் மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. மனதில் ஒரு சொல் நிற்கும், வாயில் வேறொன்று வரும். தண்ணி கேட்க நினைத்து ‘தையல்’ என்பார். தானே தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி தேடுவார். மனைவி அக்தர் பானு கைவேலையைக் கீழே வைத்துவிட்டு, சரியான சொல் வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகள் சாயிமா செம்பூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாட்காஸ்ட் எடிட்டர். விருந்தினர்கள் வளவளவென்று பேசியதைச் சுருக்கித் தெளிவாக்குவது அவள் வேலை. இழுவை, இருமல், சொன்னதையே திரும்பச் சொல்வது எல்லாம் போய்விடும். மூச்சு விடும் இடம் பார்த்து ஒட்டினால் வெட்டிய தடமே தெரியாது. மும்பைத் தமிழர்களைப் பற்றி ஒரு தொடர் நடத்திவந்த ரமேஷ்குமார் பேட்டிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அவளேதான் கேட்டாள்: “எங்க வாப்பாவ ரெக்கார்ட் பண்ணட்டுமா சார்?”

பல சாயங்காலங்கள் மைக்கை முன்னால் வைத்து, பம்பாய்க்கு வந்து இறங்கிய கதையை வாப்பாவைச் சொல்லவைத்தாள். அவர் வியர்த்து வழியச் சொன்னார். அதை அவள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வெட்டினாள். தவறி விழுந்த சொற்களை நீக்கினாள். ஒரு நாள் சொன்ன பாதியை இன்னொரு நாளின் மீதியோடு சேர்த்தாள். மிஞ்சியது நாலு நிமிடம். அதில் பழைய கரீம் பாட்சா தடங்கலில்லாமல் பேசினார்.

கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “நா... நானா?” என்றார். எபிசோட் வெளியானதும் ஊரிலிருந்து அக்தர் பானுவின் தம்பி போன் செய்தார். “மச்சான் பழையபடி பேசுதாகளே, அவுககிட்ட போனக் குடுங்க.”

அவர் கையை அசைத்து மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேச முயலவேயில்லை. பார்க்க வந்தவர்களிடம் மொபைலை நீட்டி அந்த நாலு நிமிடத்தை ஓடவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் விஜயலக்ஷ்மி மேடம் கேள்வி கேட்டபோதும் அதையே செய்தார்.

“திணறித் திணறித் தேடறார் இல்லையா, அதுதாம்மா பயிற்சியே,” என்றாள் அவள் சாயிமாவிடம். “அத விட்டுட்டார்னா இருக்கிற வார்த்தையும் போயிடும்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் சாயிமா வெட்டாத ஒலிப்பதிவைப் போட்டாள். “இதான் வாப்பா நீங்க நெசமா பேசினது. எங்களுக்கு இதுவே போதும்.”

நீண்ட மௌனங்கள் ஓடின. நடுவே ஒரு குரல் தட்டுத் தடுமாறியது. அது தன் குரல்தான் என்பது புரியப் புரிய அவர் கண் கலங்கியது. மொபைலைப் பிடுங்கிக் கவிழ்த்துவைத்தார். உதடு வெகுநேரம் துடித்து, ஒரு சொல் வந்தது.

“அழி.”

சாயிமா அழிக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேடம் பயந்தபடியே ஆயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் மிச்சமிருந்த சொற்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. தாகமெடுத்தால் டம்ளரைத் தட்டத் தொடங்கினார்.

“நீ நல்லதுக்குத்தான் செஞ்ச,” என்றாள் அக்தர் பானு ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே. “ஆனா எம் பேரச் சொல்ல அவுக எப்படி முட்டுவாக தெரியுமா? ‘பாய்’ம்பாக, ‘பானை’ம்பாக. கடைசியில ‘பானு’ம்பாக. அதக் கேக்கத்தான் நான் உக்காந்திருப்பேன்.”

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. உம்மா கீரையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள்.