அக்கா கட்டிய உயிருள்ள இறால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவன் அக்காவைப் பற்றி எழுதத் துணிந்ததைப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். கடைசிவரை அக்காவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நான் மட்டுமே என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்கா பிறந்தது புதுக்கோட்டைச் சீமையில். இலங்கையில் கோப்பி என்னும் காப்பித் தோட்டத்தை நம்பிப் புறப்பட்ட எங்கள் பெற்றோர், மன்னாரிலிருந்து மலைக்கு நடந்து வந்த வழியில் காய்ச்சலில் மாண்டார்கள். பன்னிரண்டு வயது அக்கா என்னை இடுப்பில் சுமந்துகொண்டு கண்டிப் பக்கத்தில் கலஹாவுக்கு மேலிருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

வளர்ந்ததும் அக்காவுக்குத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலை கிடைத்தது. சேவல் அறுத்தால் கழுத்து இறகுகளைத் துரை கேட்டு வாங்குவார். அவற்றைப் பட்டு நூலால் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்வார். மீனை ஏமாற்ற ஆற்றில் வீசும் அதற்கு ஈ என்று பெயர். துரை கட்டியது இரண்டு வீச்சில் அவிழ்ந்துவிடும். ஒருநாள் அவிழ்ந்து கிடந்த ஒன்றை அக்கா தாமாகவே திருப்பிக் கட்டி மேசையில் வைத்தார். அதன்பின் துரை நூலைத் தொடவே இல்லை.

பிறகு கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடியாக நோய் பூத்தது, செடிகள் பட்டுப்போயின. தோட்டத்தை மூடினார்கள். கங்காணி ஆட்களை வேறு மலைக்குக் கூட்டிப்போனார். என் கால் முன்பே கோப்பிப் பழம் உரிக்கும் இயந்திரத்தில் நசுங்கியிருந்தது.

"நீ மட்டும் வா தாயி. நொண்டிய வச்சு நான் என்ன பண்றது?" என்றார் கங்காணி.

"அவன் இல்லாத எடத்துல எனக்கு என்ன வேல?" என்று சொல்லிவிட்டு, அக்கா என்னைக் கண்டிக்கு அழைத்து வந்தார்.

கடைத்தெருவில் ஒரு முதலாளி துரைமாருக்குச் சேணமும் தூண்டிலும் விற்றுவந்தார். அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. அக்கா தாம் கட்டிய ஈ ஒன்றை அவரிடம் காட்டி அறையைக் கேட்டார்.

"துரைமாரு திருகோணமலைக் கடலுக்கு மீன் பிடிக்கப் போறாங்க. இறால் மாதிரி ஒண்ணு கேக்குறாங்க. மீன் கடிச்சா அறை உங்களுக்கு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்கங்க."

"கடிக்கும்" என்றார் அக்கா.

மலையில் இருந்த நாங்கள் இறாலைக் கருவாட்டுக் கடைச் சாக்கில் மட்டுமே பார்த்திருக்கிறோம். அக்கா அதில் ஒன்றை எதிரில் வைத்து, அப்படியே சிவப்பாக, சுருண்டு கிடப்பதாகக் கட்டினார். எனக்கும் அது மிக அழகாகவே தெரிந்தது. குதிரைக்காரர் வேலாயுதம் அண்ணன் அப்படிக் கட்டிய ஆறு இறால்களை எடுத்துக்கொண்டு தம் துரையோடு போனார். திரும்பி வந்தவர் கடை வாசலிலேயே சிரித்தார்.

"மீனெல்லாம் கிட்ட வந்து பாத்துட்டு ஓடிருச்சு தாயி. உங்க இறாலு குழம்புக்குத்தான் ஆகும்."

"ஏன் ஓடுச்சு?"

"உசுரோட இருக்கிறது கண்ணாடி மாதிரில்ல இருக்கும்? வெந்த பெறகுதான் செவக்கும். கெட்டம்பே ஆத்துலயே கெடக்கு, போய்ப் பாருங்க."

துரைமார் அடுத்த அமாவாசைக்கு மறுபடி போகிறார்கள், அப்போதும் மீன் கடிக்காவிட்டால் அறை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினேன்.

"மூட்டையப் பிரிடா. மீனு மேல தப்பில்ல. நான் செத்ததப் பாத்துக் கட்டிட்டேன்" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் கெட்டம்பே போனோம். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றார். கல்லிடுக்கில் சிறிய இறால் ஒன்று, குடல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. விரலை நீட்டியதும் பின்பக்கமாகத் துள்ளி ஓடியது.

"பாத்தியா? பயந்தா வாலு முன்னால போவுது."

இம்முறையும் ஆறு கட்டினார்: சாயமில்லாத வெளிர் இறகு, நீட்டமான உடல், அமிழ்வதற்குக் கொஞ்சம் ஈயம். கருமணிக் கண்களை முள் வளையும் இடத்தில் வைத்தார். கயிறு கட்டும் முனையில் வாலை அமைத்தார். இழுத்தால் வால்தான் முன்னே போகும்.

வேலாயுதம் அண்ணன் இரண்டாம் முறை வந்தபோது சிரிக்கவில்லை. உள்ளங்கையில் ஒன்றே ஒன்று இருந்தது.

"அஞ்ச மீனு முழுங்கிருச்சு தாயி. இதத் தர மாட்டேன்னு துரை அடம் புடிச்சாரு. உங்க கண்ணுல காட்டணும்னு கெஞ்சி வாங்கியாந்தேன்."

முதலாளி அறைச் சாவியை அக்கா முன் வைத்தார்.

அந்த அறையில்தான் நாங்கள் வாழ்ந்தோம். நான் மெழுகு தேய்த்த நூலை நீட்டுவேன், அவர் கட்டுவார். முடியாது என்று ஒரு துரையிடமும் அவர் சொன்னதில்லை. கடந்த மாசியில் இருமலில் படுத்தார். மூன்றாம் நாள் மதியம், நான் நீட்டிய நூலைத் தடவிப் பார்த்து, "மெழுகு பத்தல" என்றார். அதற்குப் பின் பேசவில்லை.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த கடைத்தெரு மக்களுக்கும், தெல்தெனியவிலிருந்து நடந்தே வந்த வேலாயுதம் அண்ணனுக்கும் நான் வாயால் சொல்லாத நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. மறுநாள் முதலாளி ஆறு முட்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நூலுக்கு இரண்டு முறை மெழுகு தேய்த்து, சாயங்காலத்துக்குள் ஆறையும் கட்டிக் கொடுத்தேன்.