வலது பக்கத்து நாற்காலி

விடியற்காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் பாட ஆரம்பித்துவிடுவான். ஏழு வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்தவன். "டேய், மெதுவாப் பாடித் தொலைடா" என்று கதவை இடிப்பேன். "என்னண்ணே, சத்தம் பத்தலையா?" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பாட்டின் அடுத்த வரி இன்னும் ஓங்கி ஒலிக்கும்.

ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இன்னொருவன் பெயின்டர். இவன் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். கையில் எது கிடைத்தாலும் மடித்துவிடுவான்: கைக்குட்டை, பிளாஸ்டிக் பை, மருந்துச் சீட்டு. "அசந்து தூங்குனா நம்மளையும் நாலா மடிச்சு அடுக்கிருவான்" என்பான் பெயின்டர்.

நீராவி மெஷின் இரைச்சலில் இருபது வருடம் நின்று அவனுக்கு இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் பக்கத்துப் பேச்சு கேட்கும். தூரத்துச் சத்தம் மெலிந்தால் நழுவிவிடும். அதனால் ரேடியோ கேட்கும்போது நான் அவனுக்கு வலது பக்கம் உட்காருவேன். பாட்டு இறங்கி ஒலிக்கும் இடத்தில் அவன் முழங்காலை அழுத்திப் பிடிப்பேன். 'இன்னும் முடியவில்லை' என்று அர்த்தம். முடிந்ததும் கையை எடுப்பேன். "ஆகா!" என்று கை தட்டுவான். ரேடியோவுக்கு எதற்கடா கைதட்டல் என்று கேட்டால், "பாடுறவனுக்குக் கேக்காட்டி என்னண்ணே, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்பான்.

பெயின்டர் வண்ணம் அடித்த புது அரங்கில் கச்சேரி. மூன்று பாஸ் கொடுத்தார்கள். இவன் அன்று லீவு போட்டுவிட்டு, எங்கள் மூன்று பேர் சட்டைக்கும் இஸ்திரி போட்டான். மத்தியானமே குளித்துத் தயாராகிவிட்டான்.

பெயின்டருக்குப் பின் வரிசை. "செவிட்டுக் காதுக்கு ஓரம் போதும்" என்று இவன் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தான். நான் வலது பக்கம். எனக்கு அடுத்த நாற்காலியில், யாரென்று பார்த்தால், எங்கள் கம்பெனி இன்ஜினியர். கூடவே அவர் மனைவி.

"அட, நீங்களா? இதெல்லாம் கேப்பீங்களா?" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டேன். இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு ஆம்பளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டா உட்கார முடியும்?

நாலாவது பாட்டில் மேளம் நின்றது. வயலின் நின்றது. புல்லாங்குழல் மட்டும் சன்னமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் முழங்கால் வந்து என் முழங்காலை ஒருமுறை இடித்தது. முடிந்துவிட்டதா என்று கேட்கிறான். நான் அசையவில்லை.

"ஆகா!" என்று எழுந்து நின்று தட்டினான்.

அரங்கம் மொத்தமும் திரும்பியது. குழல்காரருக்கு ஒரு மூச்சு தவறியது. யாரோ சிரித்தார்கள்.

"யாருங்க இவரு, உங்ககூட வந்தவரா?" என்றார் இன்ஜினியர்.

"தெரியாதுங்க சார். யாரோ."

சொல்லி முடித்த பிறகுதான், நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. இதை எழுதும்போதும் என் காது இரண்டும் சுடுகின்றன. அவன் உட்கார்ந்தான். நிகழ்ச்சித் தாளை எடுத்து மடித்தான். அதற்கு மேல் மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்துக்கொண்டே போனான். பாட்டு நிஜமாகவே முடிந்து எல்லோரும் தட்டியபோது அவன் தட்டவில்லை.

அதற்குப் பிறகு குளியலறையில் பாட்டு இல்லை. ஐந்து மணிக்கு எனக்குத் தானாகவே முழிப்பு வந்துவிடுகிறது. தண்ணீர் விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் மறுபடியும் மூன்று பாஸ் கொண்டுவந்தான். "நீயும் வாடா" என்றேன் இவனிடம். என் சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலரில் தண்ணீர் தெளித்து, ஓரம் பிசகாமல் தேய்த்து, மேல் பொத்தானைப் போட்டு என்னிடம் நீட்டினான்.

"வர்றேண்ணே. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை நீங்க எனக்கு இடது பக்கமா உக்காருங்க."