என் கைக்கு அண்ணன் சொன்ன பதில்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறேன். சாப்பிடுவது வலது கையில், கத்தி பிடிப்பது இடது கையில். போன வருடம் மூளையின் வலது பக்கத்தில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் வேலூரில்.

"எந்தக் கையில வேலை செய்வீங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு, "சோத்துக் கைதான் சார். எல்லாம் நீங்க பாத்துக்கோங்க" என்றார். தம்பிக்குப் பீச்சாங்கைப் பழக்கம் என்று சொல்ல அவருக்கு வெட்கம். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கையில பலம் கம்மியாகலாம். சமாளிச்சுக்கலாம் இல்ல?" என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நான் தோல் வெட்டறதே அந்தக் கையிலதான்!" என்று கத்தினேன்.

"டாக்டராண்ட இன்னாடா சத்தம்?" என்று அண்ணன் அதட்டினார்.

"தலை உன்னுதா, என்னுதா?"

டாக்டர் திட்டத்தையே மாற்றினார். என்னை விழிக்கவைத்து, விரல்களை அசைக்கச் சொல்லிக்கொண்டே கட்டியை எடுத்தார். ஓரத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறார். கை பிழைத்தது.

இப்போது ஸ்கேன் பார்க்கப் போனால் அண்ணனுக்கு இடம் வெளி பெஞ்சில்தான். மிச்சம் வளர்ந்திருக்கிறதா, எடுத்தால் எது போகும், விட்டால் என்ன ஆகும் என்று நானே கேட்கிறேன். அண்ணன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அவர் பொய் சொன்னபோது பக்கத்திலேயே ஊமையாக உட்கார்ந்திருந்தவன் மேல் அதைவிட ஜாஸ்தி.